தோற்பதற்குச் சம்பளம்

மார்க்கர் தவசி அந்த நாட்களில் ஒரு டென்னிஸ் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை என்று சொன்னால், அவனுக்கு ஆடத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பெரியகுளம் வட்டாரத்தில் அவனைப் போல ஆட இன்னொருவன் கிடையாது. ஜெயிக்காமல் இருப்பதுதான் அவன் உத்தியோகம். அதற்குத்தான் ஆபீசர்ஸ் கிளப்பில் அவனுக்கு மாதச் சம்பளம், தீபாவளிக்கு வேட்டி, துரைமார் கழித்துப் போட்ட மட்டை எல்லாம்.

நான் ஜேசுராஜ். பெரியகுளம் கடைவீதியில் கோலி சோடாக் கடை வைத்திருக்கிறேன். அப்போது கிளப்புக்குச் சோடா நான்தான் கொடுத்தேன். சாயங்காலம் பெட்டியை இறக்கிவிட்டு, காலிப் பாட்டில் வாங்கும் சாக்கில் வேலியோரம் நின்று ஆட்டம் பார்ப்பேன். இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவேன். "கடையைத் தூக்கி அங்கனயே வச்சுக்கிற வேண்டியதுதானே" என்று என் மனைவி ஞானபாக்கியம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவள் தவசி ஆடிப் பார்த்ததில்லை, பாவம்.

மார்க்கர் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். காலையில் புற்றுமண் போட்ட களத்துக்குச் சாணம் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். சாயங்காலம் மெம்பர்கள் ஆடும்போது ஓரமாக நின்று கணக்கைக் கூவ வேண்டும். ஒரு கேம் முடிந்ததும் "கேம், துரை" என்று கூவுவான். வெள்ளைக்காரரானாலும் சரி, நம் ஊர் வக்கீலானாலும் சரி, கிளப் வாசலைத் தாண்டிவிட்டால் எல்லோரும் துரைதான். மெம்பர்களில் ஆள் குறைந்தால் தவசியே மட்டையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போக வேண்டும். அங்கேதான் அவன் வித்தை.

டாக்டருக்கு முழங்கால் வலி. பந்து இடுப்பு உயரத்தில், கையெட்டும் தூரத்தில் போய் நிற்க வேண்டும். வக்கீலுக்குத் தலைக்கு மேல் ஓங்கி அடிக்க ஆசை. அவருக்கு உயரத் தூக்கிக் கொடுக்க வேண்டும். இடது பக்கம் பந்து வந்தாலே முகம் சிவக்கும் துரை ஒருவர் இருந்தார், அவருக்கு அந்தப் பக்கமே பந்து போகக் கூடாது. இப்படி அவர்களை நன்றாக ஆடவிட்டு, வேர்க்கவிட்டு, கடைசியில் ஒரு பந்தை வலையில் தட்டிவிட்டு, "வெல் ப்ளேட், சார்" என்று சொல்லி, பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு போய் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுக்கிறான் என்று தெரிந்தால் அன்றோடு வேலை போயிற்று. தோற்பதும் தெரியாமல் தோற்க வேண்டும். சும்மாவா அது?

ஆனால் இதை எல்லாம் கெங்குவார்பட்டிக்கு யார் போய்ச் சொல்வது? தவசிக்குச் சொந்த ஊர் அது. காடு கழனி போதாமல், கிளப்பில் உருளை இழுக்க வந்து மார்க்கர் ஆனவன். அவன் மனைவி இருளம்மாளுக்கும் அதே ஊர். அவளுடைய அண்ணன் ஒச்சாண்டி சடுகுடுவில் பேர் போனவன். மூச்சுப் பிடித்துக்கொண்டு எதிராளிக் கூட்டத்துக்குள் புகுந்தால் நாலு பேரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவான். ஜெயிக்கத் தெரியாத மாப்பிள்ளையை அவனுக்கு எப்படிப் பிடிக்கும்?

கெங்குவார்பட்டியில் ஒரு கிடா விருந்து. பந்தி நிறைய ஆட்கள். இலை முன்னால் உட்கார்ந்த தவசியைப் பார்த்து ஒச்சாண்டி ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டான்.

"மாப்ளே, நேத்து யார்கிட்டத் தோத்தீக? தெனமும் தோக்குறதுக்குச் சம்பளம் குடுக்குறாகளாமே, அந்த வேலையில இன்னொரு ஆளுக்கு எடம் இருந்தாச் சொல்லுங்க, நம்ம ஊர்ல நெறையப் பேரு சும்மாத்தான் இருக்கான்."

பந்தி முழுக்கச் சிரித்தது. தவசியும் கூடச் சேர்ந்து சிரித்தான். அவன் சுபாவம் அப்படி. இருளம்மாள் சிரிக்கவில்லை. கையிலிருந்த குழம்புச் சட்டியை அப்படியே இறக்கி வைத்தாள்.

"அண்ணே, அடுத்த மாசம் என் மகளுக்குக் காது குத்து. உன் மடியிலதான் உக்கார வைக்கணும், நீதான் தாய்மாமன். ஆனாக் கேட்டுக்க. எங்க வீட்டு ஆளு ஒரு தடவை ஜெயிச்சுட்டு வரட்டும். அதுக்குப் பெறகுதான் என் புள்ள உன் மடியில உக்காரும். அதுவரைக்கும் அது காது மூளியாவே இருந்துட்டுப் போகுது."

அன்றைக்குப் பிறந்த வீட்டை விட்டு வந்தவள் மறுபடி அந்த வாசலை மிதிக்கவில்லை. மகள் ராஜாத்தி வளர்ந்தாள், நடந்தாள், ஓடினாள், கேள்வி கேட்டாள். அவள் வயசுப் பிள்ளைகள் எல்லாம் காதில் தோடு ஆட்டிக்கொண்டு திரிந்தன. அவள் காது மட்டும் வெறுமையாக இருந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் குத்த முடியுமா? முடியாது. தவசி ஜெயிக்காமல் தாய்மாமன் மடி உண்டா? கிடையாது. தவசி யாரை ஜெயிப்பது? துரைமாரை ஜெயிக்கக் கூடாது. வேறு ஆட்கள் டென்னிஸ் ஆடுவதில்லை. இதைவிட நல்ல முடிச்சு ஒருத்தரும் போட்டிருக்க முடியாது.

இந்த இடத்தில் மயிலாடும்பாறைச் சித்தப்பாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தவசியின் அப்பாவுக்குத் தம்பி. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்று பெரியகுளத்துக்கு வந்தவர், அறுவடை முடிந்து அடுத்த விதைப்பு வரைக்கும் நகரவில்லை. போகச் சொல்லத் தவசிக்கு வாய் வராது. இருளம்மாள் வாயைத் திறக்காமலே அந்தக் காரியத்தை முடித்தாள். ஒரு வேளைகூடச் சோறு குறைக்கவில்லை. ஆனால் அவர் குழம்புக்குக் கை நீட்டும்போது ரசம் வந்தது. ஆறின கஞ்சி கேட்ட அன்றைக்குச் சுடச்சுடக் களி வந்தது. தொட்டுக்கொள்ள வேண்டிய வெஞ்சனம் இலையின் அந்தக் கோடியில் விழுந்தது, எட்டிப் பிடிப்பதற்குள் மோர் ஊற்றியாயிற்று. பெரியகுளத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு அவரே மூட்டையைக் கட்டினார்.

"எப்படிம்மா?" என்று நான் கேட்டேன்.

"ஒருத்தருக்கு என்ன பிடிக்கும்னு தெரிஞ்சுக்கிட்டா, என்ன பிடிக்காதுன்னும் தெரிஞ்சு போகுமே அண்ணாச்சி" என்றாள் இருளம்மாள்.

முப்பத்தெட்டாம் வருஷம் மாசியில், மலைத்தோட்டத்துத் துரைமார்கள் சேர்ந்து ஒரு போட்டி அறிவித்தார்கள். சம்பளம் வாங்கி ஆடுகிறவன் துரைமார் போட்டியில் சேரக் கூடாது என்பது சட்டம். இது மார்க்கர்களுக்கு மட்டுமே ஆன போட்டி. தென் ஜில்லாக்களிலும் மலைத் தோட்டங்களிலும் இருக்கிற கிளப் மார்க்கர்கள் எல்லாம் வருவார்கள், ஜெயித்தவனுக்கு வெள்ளிக் கப், ஆட்டம் நடப்பது நம் பெரியகுளத்துக் களத்தில்! செய்தி கேட்ட சந்தோஷத்தில் நான் ஒரு பெட்டி சோடாவைச் சும்மா உடைத்துக் கொடுத்தேன். ஞானபாக்கியத்துக்கு அது இன்னும் தெரியாது.

தவசி மட்டும் சந்தோஷப்படவில்லை. கடைக்கு வந்தான், பெஞ்சில் உட்கார்ந்தான், வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, எனக்கு ஜெயிக்கத் தெரியுமான்னே தெரியல. இந்தக் கை எதிராளிக்கு எங்கன வசதின்னு பாத்து அங்கனதான் பந்தைக் கொண்டுபோய் வைக்குது. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குது."

"உன் கை உன் பேச்சைக் கேக்காம என் பேச்சையா கேக்கும்?" என்று சத்தம் போட்டேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

போட்டி ஆரம்பித்த அன்றைக்குக் கெங்குவார்பட்டியிலிருந்து மாட்டு வண்டிகள் வந்து இறங்கின. ஒச்சாண்டியும் வந்தான், புது வேட்டி, மீசையில் எண்ணெய். கிளப்புக்குள் ஊர்ச்சனத்துக்கு இடம் கிடையாது. வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்று செகரட்டரி பெரிய மனசு பண்ணியிருந்தார். வேலியோரம் நான் சோடா வண்டியை நிறுத்தினேன். இருளம்மாள் ராஜாத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் நின்றாள். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம்.

மாசி வெயிலில் அந்த உயரமான மர நாற்காலியில் ஏறி உட்கார்ந்து நடுவர் வேலை பார்க்க எந்த மெம்பரும் முன்வரவில்லை. "மார்க்கர்கள்தானே, அவர்களே கூவிக்கொள்ளட்டும்" என்று செகரட்டரி முடிவு செய்துவிட்டார். யார் கை பந்தோ, அதாவது சர்வீஸ் யாருடையதோ, அவன் கணக்கைக் கூவ வேண்டும். கேம் முடிந்தால் ஜெயித்தவன் பெயரைச் சொல்ல வேண்டும். கூவினால்தான் கணக்கு.

முதல் ஆட்டத்துக்குத் தவசியோடு ஆட வேண்டிய ஆள் வரவே இல்லை. பஸ் வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டதாம். ஆடாமலே தவசி அடுத்த சுற்றுக்குப் போய்விட்டான். "இது ஒரு ஜெயிப்பா?" என்று ஒச்சாண்டி எச்சிலைத் துப்பினான். நியாயமான கேள்வி என்பதால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அடுத்த ஆட்டம் கொடைக்கானல் மார்க்கரோடு. அந்தக் கூத்தை எப்படிச் சொல்வேன்! முதல் பந்து முடிந்தது. தவசி பழக்க தோஷத்தில் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு எதிராளி கையில் கொடுக்கப் போனான். அந்த ஆளும் மார்க்கர்தானே, அவனும் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு இவனிடம் கொடுக்க வந்தான். இருவரும் கை நிறையப் பந்தோடு வலையருகே சந்தித்து, "நீங்க வாங்கிக்கங்க", "இல்ல, நீங்க வாங்கிக்கங்க" என்று கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுக்கிற மாதிரி நின்றார்கள். வராந்தாவில் துரைமார்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. எப்படியோ ஒரு கேம் தவசிக்கு வந்தது. கூவ வாயைத் திறந்தான். "கேம்..." என்றான். பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "...துரை" என்று முடித்தான்.

"எந்தத் துரைப்பா?" என்று வராந்தாவிலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்குப் பிறகு தனக்கு ஒரு கேம் வந்தால் "கேம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சொச்சத்தை விழுங்கினான். அவன் நாக்கில் அவன் பெயர் வரவே இல்லை. வந்த பந்தை எல்லாம் கொடைக்கானல்காரன் மட்டைக்கு நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தான். முதல் செட் போயிற்று, இரண்டாவதும் பாதிக்கு மேல் போயிற்று. தோல்வி நிச்சயம் என்று நான் பாட்டிலை அடுக்க ஆரம்பித்த நேரத்தில் அந்த ஆள் கால் மடங்கி விழுந்தான். எழுந்து நிற்க முடியவில்லை. ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டான். தவசிதான் ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

ஆக, ஒரு ஆட்டமும் ஜெயிக்காமலே தவசி கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டான்.

"ஒருத்தன் வரல, ஒருத்தன் நொண்டி" என்று ஒச்சாண்டி வேலியோரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். "நாளைக்கு வர்றவனுக்காச்சும் ரெண்டு காலும் நல்லா இருக்கட்டும். அப்பப் பாப்போம் மாப்பிள்ளை லட்சணத்தை."

இருளம்மாள் ராஜாத்தியின் காதை விரலால் நீவிக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலையில் களத்துக்குச் சாணம் தெளித்தவனும் தவசிதான். வேறு யார் செய்வார்கள்? கடைசி ஆட்டம் ஆடப்போகிறவன் குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். ஒரு கோடு கோணலாகிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி போட்டான். "இந்தக் கோட்டுக்குள்ளதான் இன்னைக்கு என் மானம் இருக்கு அண்ணாச்சி" என்றான்.

எதிராளி வண்டிப்பெரியாறு கிளப் மார்க்கர் குட்டப்பன். குமுளி வழியாக பஸ்ஸில் இறங்கி வந்தவன். நெட்டை ஆள், கையும் காலும் நீளம். அவனுடைய துரை ஒரு முரடராம், விட்டுக்கொடுத்து ஆடினால் மட்டையால் அடிக்க வருவாராம். அதனால் குட்டப்பனுக்கு அடித்து ஆடிப் பழக்கம். வந்ததும் தவசியைப் பார்த்துச் சிரித்து, "சேட்டா, சுகமாணோ?" என்று கேட்டான். நல்லவன்தான். ஆனால் ஆட்டம் ஆரம்பித்ததும் சேட்டனாவது சுகமாவது, பந்து பறந்தது!

முதல் செட் நான் ஒரு பாட்டிலை உடைத்துக் குடித்து முடிப்பதற்குள் முடிந்த மாதிரி இருந்தது. தவசி ஓடினான், பிடித்தான், திருப்பினான், எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு பந்தும் குட்டப்பனுடைய வலது கைக்கு நேராக, இடுப்பு உயரத்தில், தட்டில் வைத்த மாதிரி போயிற்று. குட்டப்பன் அடி அடி என்று அடித்தான். "கேம், குட்டப்பன்" என்று தவசியே வாய் கூசாமல் கூவினான். ஒரு தடவை "வெல் ப்ளேட், சார்" என்றும் சொல்லித் தொலைத்தான்.

வேலிப் பக்கம் ஒச்சாண்டிகூடக் கேலி பண்ணவில்லை. ஊர் மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் உதை வாங்குவது அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். மீசையைக் கடித்துக்கொண்டு நின்றான்.

செட்டுக்கு நடுவில் ஆட்டக்காரர்களுக்குச் சோடா கொடுப்பது என் வேலை. பாட்டிலை எடுத்துக்கொண்டு வேலிக்குள் நுழையப் போனேன். இருளம்மாள் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, அவுககிட்ட ஒண்ணு சொல்லுங்க."

"சொல்லும்மா."

"மயிலாடும்பாறைச் சித்தப்பா வந்திருக்காகன்னு நெனச்சுக்கிட்டு ஆடச் சொல்லுங்க."

நான் போய் அப்படியே சொன்னேன். சோடா குடித்துக்கொண்டிருந்த தவசிக்குப் புரை ஏறியது. இருமினான், பிறகு சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். வேலிப் பக்கம் திரும்பி இருளம்மாளைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, "ரசம் ஊத்திருவோம் அண்ணாச்சி" என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. குட்டப்பன் வலது பக்கம் கையை ஓங்கிக்கொண்டு நின்றான், பந்து இடது பக்கம் போயிற்று. இடது பக்கம் ஓடினான், கால் விரலுக்குக் கீழே வந்து விழுந்தது. பின்னால் நின்றான், வலைக்குப் பக்கத்தில் சொத்தென்று இறங்கியது. முன்னால் ஓடி வந்தான், தலைக்கு மேலே நிதானமாகப் போய்க் கோட்டை முத்தமிட்டது, காலையில் தவசி கோணலாகப் போட்டு அழித்துத் திருத்தினானே, அதே கோடு! அத்தனை வருஷம் துரைமாருக்கு எங்கே வசதி என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்த கை. வசதி இல்லாத இடம் அதற்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"ஐயோ" என்றான் குட்டப்பன். மலையாளத்திலும் அதே வார்த்தைதான்.

வேலிப் பக்கம் தீப்பிடித்துக்கொண்டது. "தவசி! ஏலே தவசி! விடாத!" என்று கெங்குவார்பட்டிச் சனம் கத்தியது. இருளம்மாளால் அப்படிக் கத்த முடியாது. புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் எங்கே இருக்கிறது? என் சோடா வண்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அப்படித்தான், அப்படித்தான்" என்று பல்லைக் கடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவது செட் தவசிக்கு. "கேம், செட்" என்று கூவிவிட்டுப் பெயரை வழக்கம்போல விழுங்கினான். யாரும் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவது செட்டில் ஐந்துக்கு இரண்டு என்று முன்னால் போனான். இன்னும் ஒரே ஒரு கேம். அங்கேதான் சறுக்கினான். அவன் மனசுக்குள் என்ன நடந்தது என்று பின்னால் என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பல தடவை சொல்லியிருக்கிறான்.

"அதுவரைக்கும் பந்தும் அந்தாளு காலும் மட்டும்தான் கண்ணுல தெரிஞ்சது அண்ணாச்சி. ஒரு சத்தம் கேக்கல. ஐஞ்சுக்கு ரெண்டுன்னு கூவுனேன் பாருங்க, அப்பத் தெரியாத்தனமா வேலிப் பக்கம் பாத்துட்டேன். ராஜாத்தி காது தெரிஞ்சது. அவ்வளவுதான். ஜெயிச்சாக் காது குத்துக்கு யார் யாரைக் கூப்பிடணும்னு மனசு ஓட ஆரம்பிச்சிருச்சு. பந்தல் போட்டேன், பத்திரிகை அடிச்சேன். பந்து எங்க போச்சுன்னே தெரியல."

பந்தல் போட்டு முடிப்பதற்குள் ஐந்துக்கு ஐந்து. குட்டப்பனும் விழித்துக்கொண்டுவிட்டான். வலைக்குப் பக்கத்தில் பந்து விழும் என்று அவனுக்கும் இப்போது தெரியும். தவசியின் பழைய கை திரும்பி வந்தது, வலது பக்கம், இடுப்பு உயரம், தட்டில் வைத்த மாதிரி.  "யோவ், கிளப் மெம்பர்னு நெனச்சியா அவனை?" என்று வேலிக்கு மேலே எட்டிக் கத்தினேன். செகரட்டரி என்னை முறைத்தார். முறைத்துக்கொள்ளட்டும்.

தவசி களத்தின் ஓரத்துக்குப் போனான். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து தரையைத் தொட்டான். கையில் சாணமும் புற்றுமண்ணும் ஒட்டியது. அதை வேட்டியில் துடைத்தான். அந்த நேரத்தில் என்ன நினைத்தாய் என்று கேட்டிருக்கிறேன். "ஒண்ணும் நெனக்கல அண்ணாச்சி. காது அங்கனயே இருக்கட்டும், யாரும் தூக்கிட்டுப் போகப் போறதில்லன்னு மனசுக்குச் சொன்னேன். இந்தப் பந்தை மட்டும் பாருன்னேன்" என்றான். எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, அன்றைக்கு. இன்றைக்கு நினைத்தால், கடையில் கூட்டம் நெரிக்கும்போது நானும் அப்படித்தான் ஒரு பாட்டிலை மட்டும் பார்க்கிறேன்.

ஆறுக்கு ஐந்து என்று தவசி மறுபடி முன்னால் வந்தான். அவன் கை பந்து. டியூஸ், அட்வான்டேஜ், மறுபடி டியூஸ். இப்படியே போய்க்கொண்டிருந்தது. வராந்தாத் துரைமார்களில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒச்சாண்டி எப்போது நகர்ந்து வந்தான் என்று தெரியவில்லை, தங்கச்சிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சடுகுடு ஆடுகிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கடைசிப் பந்து! குட்டப்பன் பின்கோட்டில் இருந்து ஓங்கி அடித்தான். தவசி மூலையில் போய்ப் பிடித்து உயரத் தூக்கிவிட்டான். மறுபடி அடி, மறுபடி தூக்கு. பிறகு குட்டப்பனுடைய அடி ஒன்று மட்டையின் ஓரத்தில் பட்டு, களத்தின் நடுவில் லேசாக வந்து விழுந்தது. தவசி அதற்கு முன்னால் போய் நின்றான். எதிரே குட்டப்பன் வலது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் மாதிரி தயாராக நின்றான். தவசியும் அங்கேதான் கொடுக்கப்போகிறவன் மாதிரி தோளைத் திருப்பினான். "போச்சு" என்றான் ஒச்சாண்டி.

மட்டை பாதி வழியில் நின்றது. பந்து வலையைத் தொட்டும் தொடாமலும் தாண்டி, அந்தப் பக்கம் செத்து விழுந்தது. குட்டப்பன் நீளக் காலை எட்டிப் போட்டு ஓடி வந்தான். அவன் வந்து சேர்ந்தபோது பந்து இரண்டாம் தடவையும் குதித்து உருண்டுகொண்டிருந்தது.

 எல்லோருக்கும் தெரியும், ஆனால் கூவினால்தான் கணக்கு.

"கேம்" என்றான் தவசி. "செட். மேட்ச்." அப்புறம் நின்றுவிட்டான். வாய் திறந்தபடி இருந்தது. துரை என்று சொல்லிவிடுவானோ என்று எனக்குப் பயம்.

குட்டப்பன் வலையருகே வந்து அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டான். மூச்சு இரைத்தது. "பற சேட்டா, சொல்லு" என்றான் சிரித்துக்கொண்டே. "பேரு பற."

"தவசி" என்றான் தவசி. பக்கத்தில் இருப்பவனிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

அவ்வளவுதான், வேலி போயிற்று. உண்மையாகவே போயிற்று, கெங்குவார்பட்டிச் சனம் பிய்த்துக்கொண்டு உள்ளே பாய்ந்துவிட்டது. என் பாட்டில்கள் உருண்டன. ஒச்சாண்டி இருளம்மாளின் இடுப்பிலிருந்து ராஜாத்தியைப் பிடுங்கித் தோளில் தூக்கி வைத்துக்கொண்டான். "வாடி ஆத்தா, மாமன் மடி காத்துக் கெடக்கு" என்றபோது அந்த முரடன் அழுதுகொண்டிருந்தான். நானும்தான். சொல்வதில் என்ன வெட்கம்?

இருளம்மாள் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கடைசியா என்ன சொன்னாக அண்ணாச்சி?"

"பேரைச் சொன்னான்மா."

"யாரு பேரை?"

"அவன் பேரைத்தான். வேற யாரு பேரைச் சொல்லுவான்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லாத வாய் கொஞ்சம் அசைந்தது. பிறகு சொன்னாள்: "எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க."

நான் சோடாப் பெட்டி மேல் ஏறி நின்றுகொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன். "மார்க்கரே! உன் வீட்டுக்காரிக்குக் கேக்கலையாம்!"

கூட்டத்துக்கு நடுவில் தவசி திரும்பினான். தோளில் கிடந்த கைகளை எல்லாம் விலக்கினான். துரைமாருக்காக எத்தனையோ சாயங்காலம் நின்று கூவிய அதே இடத்தில் போய் நின்றான். நிமிர்ந்து, வேலி இருந்த பக்கம் பார்த்து, களத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மார்க்கர் குரலில் கூவினான்.

"கேம், செட், மேட்ச், தவசி!"

இந்தத் தடவை இருளம்மாளுக்கு நன்றாகக் கேட்டது.